உப்புக் காற்றில் ஒரு கொல்லைப்புறம்

"சமுத்திரத்துக்குப் பக்கத்தில் வீடா? கொடுத்து வைத்தவள்!" என்று என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். திருவான்மியூரில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. காற்று வரும், வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் காற்றோடு உப்பும் வரும். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். கொல்லையில் வைத்த ரோஜா கருகும். இதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

எங்கள் கொல்லை பெரிய நந்தவனம் ஒன்றுமில்லை. 18 அடி நீளம், 12 அடி அகலம். அதில் மாமனார் காலத்து ரோஜாப் பாத்தி, இட்லிப்பூ, ஓரத்தில் துவைக்கிற கல். ரோஜா என்றால் அத்தைக்கு உயிர். விடிந்ததும் நாலு பூவாவது சுவாமிக்கு வைக்காமல் காப்பி குடிக்க மாட்டார்கள்.

2019 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருவெல்லாம் குடம் வரிசை. எங்கள் போர் தண்ணீர் உவர்த்து விட்டது. அதை ஊற்ற ஊற்ற ரோஜா இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. அத்தை யாருக்கும் தெரியாமல் லாரித் தண்ணீரை வாளியில் சுமந்து போய்ச் செடிக்கு ஊற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் துவைக்கிற கல்லருகே பாசியில் வழுக்கி விழுந்தார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

என் கணவர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லி விட்டார். "கொல்லை முழுக்க சிமெண்டு போட்டு விடலாம். செடியும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். ஸ்கூட்டராவது நிற்கும்." அத்தை ஒன்றும் பேசவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏங்க, இந்த ஒரு மழைக்காலம் எனக்குக் கொடுங்க. சரியா வரலேன்னா நானே கொத்தனாரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

ஊறுகாய் சொன்ன பாடம்

ரோஜா ஏன் கருகியது? நாம் மாங்காய் நறுக்கி உப்புப் போட்டு வைக்கிறோமே, மறுநாள் துண்டுகள் சுருங்கித் தண்ணீர் விட்டிருக்கும் அல்லவா? மண்ணில் உப்பு ஏறினால் வேருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். ஈரம் பக்கத்திலேயே இருந்தும் வேரால் இழுக்க முடியாமல் போகும். கடலோர மண்ணில் கிளிஞ்சல் தூளும் கலந்திருப்பதால் இட்லிப்பூவுக்கு இரும்புச் சத்து எட்டாமல், இலை மஞ்சளடித்துப் போகும்.

அப்படியானால் போர் தண்ணீர் ஏன் உவர்த்தது? கடலோரத்தில் பூமிக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்த மாதிரி நிற்கிறது. மழை இல்லாமல் நாம் மேலே மேலே உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு ஏறி வருகிறது. கொல்லை முழுக்க சிமெண்டு பூசினால், பெய்கிற மழையும் தெருச் சாக்கடைக்குத்தான் போகும். இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் இவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

நாங்கள் செய்தது

முதலில் மழைநீர்க் குழி. தமிழ்நாட்டில் 2003லேயே வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கப்பட்ட விஷயம்தான். எங்கள் வீட்டில் குழாய் இருந்தது, குழி தூர்ந்து கிடந்தது! சுவரின் அஸ்திவாரத்தையும் கழிவுத் தொட்டியையும் விட்டுத் தள்ளி, 3 அடி சதுரத்தில் 4 அடி ஆழம் தோண்டினோம். அடியில் செங்கல் துண்டு, நடுவில் ஜல்லி, மேலே பெருமணல். மொட்டை மாடித் தண்ணீர் அதில் இறங்குகிறது.

அடுத்து நடைபாதை. பாலிஷ் போடாத சொரசொரப்பான கடப்பைக் கல்லை இடைவெளி விட்டுப் பதித்து, நடுவில் கூழாங்கல் கொட்டினோம். தண்ணீர் கீழே இறங்கி விடும், பாசி பிடிக்காது. குழந்தைகள் பொறுக்கி வந்த கிளிஞ்சல்களை நல்ல தண்ணீரில் நாலு தரம் அலசி ஓரத்தில் வைத்தோம். கடல் மணலை மட்டும் அள்ளி வராதீர்கள். அதோடு உப்பும் வீட்டுக்கு வந்து சேரும்.

பிறகுதான் செடிகள். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து, மேல் மண்ணின் உப்பைக் கழுவி இறக்கிய பின்பே நட்டோம். கடல் பக்கத்துச் சுவரோரம் காகிதப்பூவும் மருதாணியும். காற்றின் முதல் அடியை இவை வாங்கிக் கொள்கின்றன. வேலியோரம் அடப்பங்கொடி. கடற்கரை மணலில் ஆட்டுக்குளம்பு மாதிரி இலையும் ஊதாப் பூவுமாகப் படர்ந்திருக்குமே, அதேதான். ஒரு துண்டு நட்டால் போதும், மண்ணைப் பிடித்துக் கொள்ளும். அத்துமீறிப் படர்ந்தால் கத்தரித்து விட வேண்டும். நடுவில் நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ், சோற்றுக்கற்றாழை. செடிகளைச் சுற்றிச் சருகை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி வைத்தோம். வெயிலில் ஈரம் பறக்காது, களையும் குறையும்.

இளந்தாய்மார்கள் கவனிக்க

கைக்குழந்தை உள்ள வீட்டில் அரளி வேண்டாம். அதன் பூ, இலை, பட்டை எல்லாமே விஷம். நித்தியகல்யாணியையும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். 'சர்க்கரைக்கு நல்லது' என்று அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய்க்கான கடுமையான மருந்துகள் எடுக்கப்படும் செடி அது. வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

இன்னொன்று. ஆர்.ஓ. மிஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. சோப்புத்தூள் தண்ணீரும் ஆகாது. அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் தாராளமாக ஆகும். தென்னை நார்க் கழிவு வாங்கினால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே மண்ணோடு கலக்கவும்.

அத்தையின் ரோஜா

எல்லாம் முடிந்ததும் அத்தை வந்து பார்த்தார்கள். "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார்கள். குரலில் சுரத்தே இல்லை. எனக்குப் புரிந்து விட்டது. பழைய பாத்தியில் ஒரே ஒரு பன்னீர் ரோஜா மட்டும் அடிக்கட்டையில் பச்சையோடு இருந்தது. அதைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்து, காற்று நேரே அடிக்காமல் சமையலறைப் படியருகே நிறுத்தினேன். தினம் அரிசி களைந்த தண்ணீர் ஒரு சொம்பு. அதற்கு வாளி தூக்க வேண்டாம், வழுக்கல் தரையில் நடக்கவும் வேண்டாம்.

தை மாதம் முதல் மொட்டு வந்தது. அத்தை என்னைக் கூப்பிட்டு, "அம்மாடி, இன்னிக்குப் பூவை நீயே பறிச்சு சாமிக்கு வை" என்றார்கள்.

இப்போது மற்ற செடிகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், காலையில் வேர் வரை இறங்கும்படி தண்ணீர் விட்டால் போதும். கடும் கோடையில் மட்டும் ஒரு நாள் கூடுதல். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரித்து விடுகிறேன், அவ்வளவுதான் வேலை. ஸ்கூட்டர்? அது இன்னமும் வாசலில்தான் நிற்கிறது. சாயங்காலம் கடப்பைக் கல்லில் நாற்காலி போட்டு, காற்று வாங்கிக்கொண்டு முதலில் உட்காருகிறவர் யார் தெரியுமா? சிமெண்டு போடச் சொன்னாரே, அவரேதான்!