பதினேழும் சரி, பதினைந்தும் சரி

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கு வேக்கம் கேஜைப் பார்த்துக் கவலைப்படுவது பழகிப்போன ஒன்று. சாதாரண பிஸ்டன் எஞ்சின் சூடேறி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடும்போது 18 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் காட்டும். அதே நிலையில் ஆர்எக்ஸ்-7-இன் டர்போ பொருத்திய 13பி ரோட்டரி எஞ்சின் 15 முதல் 18 வரைதான் காட்டும். புத்தகத்தில் பிஸ்டன் கணக்கைப் படித்தவர் இதைப் பார்த்ததும், எஞ்சின் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார். அப்படி ஒன்றும் இல்லை.

முதலில் டர்போவை ஓரங்கட்டிவிடலாம். ஐடிலில் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. காற்றை அழுத்தித் தள்ளும் அளவுக்கு வெளியேறும் புகைக்கு வேகம் அப்போது கிடையாது. த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்க, உள்ளே எஞ்சின் காற்றுக்காக இழுக்கிறது. சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுப்பது போலத்தான். அதனால் கேஜின் குழாயைத் த்ராட்டிலுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டில் செருக வேண்டும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் செருகினால் முள் பூஜ்யத்தை விட்டு நகராது.

ரோட்டரியின் இழுப்பு குறைவாக இருப்பதற்குக் காரணம் அதன் உடலமைப்பு. 1957-இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தில் ஃபீலிக்ஸ் வாங்கல் முதன்முதலில் ஓட்டிக்காட்டிய இந்த எஞ்சினில் வால்வுகள் கிடையாது. முக்கோண ரோட்டர் சுற்றும்போது அதன் விளிம்புகளே துவாரங்களைத் திறக்கின்றன, மூடுகின்றன. 13பி-யில் புகை வெளியேறும் துவாரம் ரோட்டரைச் சுற்றியுள்ள கூட்டின் வளைவில் இருக்கிறது. காற்று நுழையும் துவாரம் பக்கச் சுவரில். ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும். அப்போது மேனிஃபோல்டின் வெற்றிடம், வெளியே போக வேண்டிய எரிந்த புகையை மறுபடி உள்ளே இழுத்துவிடுகிறது. புகை கலந்த கலவை சரியாக எரியாது. ஐடில் அணையாமல் இருக்க எஞ்சினுக்குக் கூடுதல் காற்று தேவைப்படும். காற்று கூடினால் வெற்றிடம் குறையும். டர்போவின் டர்பைன் புகையின் வழியை மறித்து நிற்பதும் இதற்குக் கொஞ்சம் துணைபோகிறது. பின்னாளில் ஆர்எக்ஸ்-8-க்காகச் செய்த ரெனெசிஸ் எஞ்சினில் புகைத் துவாரத்தையும் பக்கச் சுவருக்கே மாற்றி, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இந்த நேரத்தை மாஸ்டா ஒழித்தது. ஆனால் அதில் டர்போ இல்லை.

வேகம் வேண்டித் துவாரங்களைக் குடைந்து பெரிதாக்குபவர்கள் உண்டு. அந்த எஞ்சின்களில் முள் பத்துக்குக் கீழேகூட நின்று நடுங்கும். அது நோயல்ல, அவர்களே கேட்டு வாங்கிய வரம். ஆனால் பிரேக் பூஸ்டரும் இதே வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

சரி, குடையாத, நல்ல எஞ்சின். அதற்காவது ஒரே எண் உண்டா? இல்லை. அதற்குக் காரணம் காருக்குள் இல்லை. வேக்கம் கேஜ் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் மேனிஃபோல்டின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே காட்டுகிறது. ஒஸ்லோவின் தெற்கு விளிம்பில், காட்டையொட்டிய பியோர்ண்டாலில் ஒரு ஆர்எக்ஸ்-7 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் அதன் மேனிஃபோல்டுக்குள் 470 மில்லிபார். உறைபனி படர்ந்த தெளிந்த உயரழுத்த நாளில் வெளிக்காற்று 1040 மில்லிபார் என்றால் வித்தியாசம் 570. முள் 17-ஐ ஒட்டி நிற்கும். அட்லாண்டிக்கிலிருந்து புயல் வந்து அழுத்தம் 970-க்கு இறங்கினால் வித்தியாசம் 500. முள் 15-க்குக் கீழே போய்விடும். எஞ்சினில் ஒரு திருகுகூட அசையவில்லை, இரண்டு அங்குலம் காணாமல் போயிற்று.

உயரமும் அப்படியே. நூறு மீட்டர் ஏறினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்குலம் போகும். பியோர்ண்டால் மேட்டில் அது பொருட்டல்ல. அதே காரை 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்குக் கொண்டுபோனால், குறையேதும் இல்லாமலே ஒன்பது, பத்து அங்குலம்தான் காட்டும். அங்கே பதினாறைத் தேடி எஞ்சினைப் பிரிப்பவர் பணத்தைத்தான் பிரிக்கிறார்.

ஆகவே அளப்பதற்கு ஒரு முறை வேண்டும். எஞ்சின் முழுக்கச் சூடேறியிருக்க வேண்டும். நோர்வேயின் குளிரில் அதற்கு நேரமாகும், குளிர்ந்த எஞ்சினின் வேக ஐடிலில் எடுத்த எண் எதற்கும் உதவாது. ஏசி அணைந்திருக்கட்டும். பகலிலும் விளக்கெரிய ஓட்ட வேண்டும் என்பது நோர்வேயின் சட்டம். நின்று அளக்கும்போது அதையும் அணைத்துவிடுங்கள், ஆல்டர்னேட்டரின் சுமைகூட முள்ளை அசைக்கும். அன்றைய காற்றழுத்தத்தைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வானிலையும் சரி, உயரமும் சரி, சூடும் சரி, ஆனாலும் முள் 13-க்குக் கீழே என்றால் சந்தேகம் முதலில் ரப்பர் ஹோஸ்கள்மேல் விழ வேண்டும். 1991 முதல் 2002 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இல் அடுத்தடுத்து வேலை செய்யும் இரட்டை டர்போவை ஆள்வது சிறு குழாய்களும் சொலினாய்டுகளும் பின்னிய ஒரு காடு. எஞ்சின் சூட்டில் அவை விறைத்து வெடிக்கும். அந்தக் காரில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்தே பெட்ரோல் தருவதால், கசிவு பெரும்பாலும் ஐடில் வேகம் ஏறுவதில் தெரியும். முந்தைய தலைமுறையில் காற்றை நுழைவாயிலில் அளப்பார்கள்; அங்கே கசிவு கலவையை நீர்க்கச் செய்து எஞ்சினைத் தள்ளாட வைக்கும்.

ஹோஸ்கள் நன்றாக இருந்தால்தான் ரோட்டர் முனை சீல்களைப் பற்றி யோசிக்க வேண்டும். அதை வேக்கம் கேஜ் தீர்த்துச் சொல்லாது. சாதாரண கம்ப்ரஷன் கேஜும் சொல்லாது: ரோட்டருக்கு மூன்று முகங்கள், அது மூன்றில் உயர்ந்த எண்ணை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், பழுதான முகம் மறைந்துவிடும். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி டெஸ்டர் உள்ள மெக்கானிக்கைத் தேடிப் போங்கள். அந்த மூன்று எண்களையும் கண்ணால் பார்க்கும்வரை எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.