திரையில் எரிந்த விறகு

2013 பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை இரவு. நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. 12 மணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. முதல் 4 மணி நேரம் விறகை வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிய பேச்சு. அதன்பின் விடிய விடிய 8 மணி நேரம், ஒரு கணப்படுப்பில் விறகு எரிவது மட்டுமே. நேரலை. இடையிடையே ஒரு கை நீண்டு புதுக் கட்டையை வைத்துவிட்டுப் போகும். நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு நேரத்தில் அதைப் பார்த்ததாக அப்போது செய்திகள் வந்தன.

இதற்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு புத்தகம். நாவலாசிரியர் லார்ஸ் மிட்டிங் 2011இல் விறகைப் பற்றி எழுதிய ‘ஹெல் வேட்’. எந்த மரம் எப்படி எரியும், எப்போது வெட்ட வேண்டும், எப்படி உலர்த்த வேண்டும் என்று முழுக்க முழுக்க விறகுதான். அது பெரும் வெற்றி பெற்றது. நிகழ்ச்சி ஓடியபோது புகார்களும் வந்தன: அடுக்கும்போது மரப்பட்டை மேலே இருக்க வேண்டும் என்று பாதிப் பேர், கீழே இருக்க வேண்டும் என்று மீதிப் பேர்.

இந்தச் சண்டைக்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 420 கிலோஜூல் போதும். அதையே ஆவியாக்க மேலும் 2,260 கிலோஜூல் வேண்டும். ஈர விறகு தன் வெப்பத்தில் ஒரு பங்கைத் தன் தண்ணீரை விரட்டுவதற்கே செலவழிக்கிறது; அறைக்கு வந்து சேரும் சூடு குறைகிறது, புகை கூடுகிறது. பூர்ஜ (பிர்ச்) மரத்தின் பட்டையில் நீர் இறங்காது. மேலே இருந்தால் மழையைத் தடுக்கும், கீழே இருந்தால் மரத்தின் ஈரம் மேல்பக்கமாக வெளியேற வழிவிடும். வெட்டவெளியில் அடுக்குபவரும் கூரைக்கடியில் அடுக்குபவரும் வேறுவேறு விடை சொல்வது இயல்புதான்.

என்னை வியக்க வைப்பது, சூடே தராத தீயை மக்கள் விரும்பிப் பார்த்தது. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழக மானிடவியலாளர் கிறிஸ்டோபர் லின் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருகில் வருகிறது. அவர் ஆட்களை அமரவைத்துக் காட்டியதும் உண்மைத் தீயை அல்ல, தீயின் காணொளியை. விறகு வெடிக்கும் ஒலியோடு பார்த்தவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது; அதிக நேரம் பார்த்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டியபோது அந்தப் பலன் இல்லை. வெப்பம் மட்டுமே ஆறுதல் என்றால் இது நடந்திருக்காது.

தீ இன்னொன்றையும் செய்கிறது. காலஹாரிப் பகுதியின் ஜுஹோன்சி மக்களோடு பல்லாண்டுகள் பழகிய மானிடவியலாளர் பாலி வீஸ்னர், அவர்களின் பகல் பேச்சையும் இரவுப் பேச்சையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். பகலில் வேலை, பங்கீடு, பிறர்மீது குறை. கதைகளின் பங்கு 6 விழுக்காடுதான். இரவில் தீயைச் சுற்றி அமர்ந்தபோது 81 விழுக்காடு கதைகள். வேலை செய்ய முடியாத அளவுக்கு மங்கலான, முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சமான நேரம் அது. குளிர்காலத்தில் நாவலோடும் தொலைக்காட்சித் தொடரோடும் சுருண்டுகொள்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் அந்த நேரத்துக்கே உரிய ஒன்றைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் குளிர்காலத்து அழகு முழுவதும் கணப்படுப்பின் அருகில் இல்லை. வட நார்வேயின் ட்ரோம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் எழுவதே இல்லை. எனினும் அது முழு இருட்டு அல்ல. மிகக் குறுகிய நாளிலும் நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்கு 3 பாகை கீழே வந்து நிற்கிறது. சில மணி நேரம் வானமும் பனியும் மலையும் ஆழ்ந்த நீலமாகின்றன. இந்த நீலம் பகல் வானத்தின் நீலம் போன்றதல்ல. பகலில் காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிதறடிப்பதால் வானம் நீலம். அந்தி ஒளியோ நம் தலைக்கு மேல் வந்து சேருமுன் ஓசோன் படலத்துக்குள் சாய்வாக வெகுதூரம் பயணம் செய்கிறது. ஓசோன் அதிலிருந்து மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கிவிடுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் 1953இல் கணக்கிட்டுக் காட்டினார்: சூரியன் மறையும் வேளையில் உச்சிவானத்து நீலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓசோனின் கொடை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் காவலாக மட்டுமே நாம் படித்த அந்த வாயு, துருவ நண்பகலுக்கு வண்ணமும் பூசுகிறது!

அங்கு வாழும் பனிமான்களின் கண்ணும் இதற்கேற்ப மாறுகிறது. அவற்றின் விழித்திரைக்குப் பின்னுள்ள பிரதிபலிப்புப் படலம் கோடையில் பொன்னிறம், குளிர்காலத்தில் நீலம். கண்மணி மாதக்கணக்கில் விரிந்தே இருப்பதால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, படலத்தின் கொலாஜன் இழைகள் நெருங்கிவிடுவதே காரணம் என்று லண்டனின் கிளென் ஜெஃப்ரியும் நார்வே ஆய்வாளர்களும் 2013இல் எழுதினார்கள். கூர்மை சற்றுக் குறையும். மங்கிய ஒளியில் ஓநாயின் அசைவு தப்பாது.

மனிதக் கண்ணுக்கு அந்த வசதி இல்லை. நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், பொழுதை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கே அதிகம் அசையும். துருவ நண்பகலில் நிறம் சரியாக இருக்கிறது, அளவு போதவில்லை. தீயின் ஒளியிலோ நீலமே மிகக் குறைவு. அதனால்தான் அது இரவுக்கு ஏற்றது, உறக்கத்தைக் குலைப்பதில்லை. மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவரது குழுவினரும் 1984இல் விவரித்த பருவகால மனச்சோர்வு உள்ளவருக்குப் புத்தகமும் கணப்பும் மருந்தாகா. காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் அமர்வது, மருத்துவர் துணை, இவை வேண்டும். ஆறுதலையும் சிகிச்சையையும் குழப்பிக்கொள்வது நோயாளிக்கு அநீதி.

அந்த நோய் இல்லாத பெரும்பாலோரைப் பற்றி, ட்ரோம்சோவில் தங்கி ஆய்வு செய்த உளவியலாளர் காரி லீபோவிட்ஸ் சொல்வது எதிர்பாராதது. வடக்கே போகப் போக மக்கள் குளிர்காலத்தை இன்னும் நல்லவிதமாகப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களின் வாழ்க்கை நிறைவும் கூடுதலாக இருந்தது. மனப்பாங்கு நிறைவைத் தந்ததா, குளிரை விரும்பியவர்கள்தான் அங்கேயே தங்கினார்களா என்பதை இந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ட்ரோம்சோக்காரர்கள் தங்கள் பன்னாட்டுத் திரைப்பட விழாவை 1991 முதல் ஜனவரி மாதத்தில்தான் நடத்துகிறார்கள். கோடைக்கு அதைத் தள்ளிவைக்கவில்லை.