பிள்ளை எழுதும் தாளுக்கும் விலை உண்டு!

உபகாரச் சம்பளம் என்று தோட்டத்தில் பேச்செடுத்தால் பெற்றோரிடமிருந்து உடனே வரும் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் எல்லாப் பாடத்திலேயும் 'ஏ' வாங்குற புள்ளைங்களுக்குங்க. நம்ம புள்ளைக்கு எங்க கெடைக்கப் போவுது?"

இந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதி நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் முட்டுக்கட்டை. மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்கும் உதவி ஒரு வகை. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது இன்னொரு வகை. மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. பிள்ளை தன் கைப்பட எழுதிய கட்டுரையைப் படித்துப் பார்த்து, 'இந்தப் பிள்ளையைத் தூக்கிவிடலாம்' என்று முடிவு செய்வது அது. இதைப் பற்றித் தோட்டப்புறத்தில் பேசுவார் இல்லை. ஆகவே இந்த வாரம் அதைப் பேசுவோம்.

காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரி மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. ஆயினும் பஸ் காசு, புத்தகம், டியூஷன், காலணி என்று மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டால் மாதக் கடைசியில் கையில் நிற்பது என்ன என்பது நம் தாய்மாருக்குத் தெரியும். படிவம் 3 முடிந்ததும், "தம்பி ரெண்டு வருசம் வேலைக்குப் போகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. போன பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வந்ததை நாம் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-லும், படிவம் 3-க்கான பி.டி.3 தேர்வு 2022-லும் நிறுத்தப்பட்டன. முன்பெல்லாம் உதவி கேட்டுப் போகும் பெற்றோர் அந்தத் தேர்வுச் சீட்டைத்தான் நீட்டுவார்கள். அந்த இரண்டும் போன பிறகு பிள்ளையின் எழுத்து, போட்டிச் சான்றிதழ், ஆசிரியர் தரும் கடிதம் ஆகியவற்றுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

கிள்ளானில் எழுந்த கோரிக்கை

பிள்ளைகள் படிப்புக்காகக் கேட்பது பிச்சையா? சிலருக்கு அந்தக் கூச்சம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவுபடுத்துகிறோம்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு ஈடான சம்பளம் வேண்டும், துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிப் போக உரிமை வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்தப் பட்டியலில், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்று! முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்தவர், பேனா பிடித்தவர். வெள்ளைக்கார அரசாங்கம் அவரைக் கைது செய்து நாடு கடத்தியது. கிள்ளான் மண்ணில் பிள்ளையின் படிப்பு அன்றே உரிமைக் கோரிக்கை. அதற்கு இன்று மனு எழுத நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

எங்கே தேடுவது?

முதலில் ஒளிவுமறைவு இல்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறோம். படிவம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு, கட்டுரையை மட்டும் பார்த்து முழுப் படிப்புச் செலவையும் தூக்கிக் கொடுக்கும் திட்டங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. இந்த வயதில் கட்டுரைக்குக் கிடைப்பது பெரும்பாலும் போட்டிப் பரிசும் சான்றிதழும்தான். ஆனால் எஸ்.பி.எம். முடித்துப் பெரிய உபகாரச் சம்பளங்களுக்கு மனுப் போடும்போது பல பாரங்களில், 'உன்னைப் பற்றி எழுது' என்று ஒரு பக்கம் காலியாக விட்டிருப்பார்கள். பன்னிரண்டு வயதில் பேனா பிடித்துப் பழகிய பிள்ளை அந்தப் பக்கத்தைக் கண்டு மிரளாது.

சின்னப் பிள்ளைகளுக்கு: அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் கடிதம் எழுதும் போட்டி நடத்துகிறது. 9 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. ஒவ்வொரு நாட்டிலும் முதலில் உள்நாட்டுத் தேர்வு நடக்கும். அதில் வென்ற கடிதம் உலகச் சுற்றுக்குப் போகும்.

ஆங்கிலம் எழுத வரும் பிள்ளைகளுக்கு: காமன்வெல்த் நாடுகளின் மாணவர்களுக்கென அரச காமன்வெல்த் சங்கம் 1883-லிருந்து நடத்தி வரும் கட்டுரைப் போட்டி இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ் ஒரு பிரிவு, 14 முதல் 18 வரை ஒரு பிரிவு. நுழைவுக் கட்டணம் கிடையாது. மலேசியப் பிள்ளைகள் தாராளமாகக் கலந்துகொள்ளலாம்.

மலாய் மொழியில் எழுதுவோர் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா அறிவிக்கும் போட்டிகளைக் கவனிக்க வேண்டும். தமிழில் கதை எழுத வருகிற பிள்ளை மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு: ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்று ஓர் அமைப்பு. முதல் கல்லூரி 1962-ல் வேல்ஸ் நாட்டில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் கிளைகள் உண்டு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை நாட்டுக்கு நாடு ஒரு குழு தேர்ந்தெடுக்கிறது. பிள்ளை எழுதிய பதில்களைப் படிக்கிறார்கள், நேரில் பேசிப் பார்க்கிறார்கள். குடும்ப நிலையைப் பார்த்து உபகாரச் சம்பளமும் தருகிறார்கள்.

நம்மவர் அமைப்புகளையும் மறக்கக் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் எழுந்தது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். நம் தாத்தாமார் மாதா மாதம் காசு கட்டிப் பங்கு சேர்த்த சங்கம். உறுப்பினர் பிள்ளைகளுக்கு அது கல்வி உதவி வழங்கி வந்திருக்கிறது. வீட்டுப் பெட்டியின் அடியில் பழைய பங்குச் சான்றிதழ் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். யார் பேரில் இருக்கிறது, என்ன உதவி கேட்கலாம் என்று விசாரியுங்கள். எம்.ஐ.இ.டி. 1984-ல் அமைந்தது, அது மேற்படிப்புக்கு. இப்போதே பேரைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அறிவிப்புப் பலகையில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'பியாசிஸ்வா' என்றால் உபகாரச் சம்பளம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 'பின்ஜாமான்' என்றால் கடன். கட்டித்தான் ஆக வேண்டும். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

எதை எழுதுவது?

தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளைகள் 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு மரம்' என்று தன்கதை எழுதிப் பழகியவர்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அந்தப் பழக்கத்திலேயே, மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் கெட்ட வழக்கமும் வந்து சேர்ந்துவிட்டது.

கிள்ளான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மாணவி ஒருத்தி. படிவம் 2. போட்டிக்கு எழுதிய தாளை நம்மிடம் காட்டியது அந்தப் பிள்ளை. 'கல்வியின் சிறப்பு' என்று தலைப்பு. ஒரு பழம்பாட்டில் தொடங்கி, 'ஆகவே மாணவர்களே' என்று முடிந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதே தாளை நூறு பிள்ளைகள் எழுதியிருப்பார்கள்! "உங்க வீட்டுல நடந்தத எழுதும்மா" என்றோம். "அது போய் என்னாங்க எழுதுறது? அம்மா பழம் பொறுக்குறாங்க" என்றது தலையைக் குனிந்துகொண்டு.

மறுவாரம் கொண்டு வந்த தாளில் இப்படி இருந்தது: 'என் அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார். சாக்கு நிறைந்தால்தான் காசு. மழை பெய்த மறுநாள் பழம் சேற்றில் புதைந்து கிடக்கும். நான் தினமும் எத்தனை சாக்கு என்று நோட்டில் எழுதி வைப்பேன். ஒரு மாதம் என் கணக்கும் கிராணி கணக்கும் ஒத்து வரவில்லை. அன்றுதான் எனக்குக் கணக்குப் பாடம் பிடித்தது.'

இதை வேறு யார் எழுத முடியும்? பட்டணத்தில் ஆயிரம் வெள்ளி கட்டி டியூஷன் போகும் பிள்ளைக்கு இந்த நோட்டு ஏது? அந்தப் போட்டியில் ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. ஆனால் எஸ்.பி.எம். முடித்து உதவிக்கு மனுப் போட்டு நேர்முகத்துக்குப் போனபோது, அவர்கள் கேட்ட முதல் கேள்வியே அந்தச் சாக்குக் கணக்கைப் பற்றித்தான்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். கேட்ட கேள்வியை மூன்று தடவை படி. உன் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள். பத்துச் சம்பவம் வேண்டாம். எத்தனை மணி, எத்தனை மைல், எத்தனை வெள்ளி என்று கணக்கோடு எழுது. அதிலிருந்து நீ என்ன கற்றாய், இனி என்ன செய்யப் போகிறாய் என்று சொல். அழுது இரக்கம் தேடாதே. நடந்ததைச் சொன்னால் போதும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியிருந்தால் முதலில் தமிழில் ஒருவரிடம் சொல்லிப் பார். நெஞ்சில் தெளிவானால் தாளிலும் தெளிவாகும்.

ஏமாறக் கூடாத இடங்கள்

'உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று கைபேசியில் வரும் செய்தியை நம்ப வேண்டாம். உதவி கொடுக்கிறவன் நம்மிடம் எதற்குக் காசு கேட்கிறான்? அடையாளக் கார்டு நம்பரையும் பேங்க் நம்பரையும் முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கவே கூடாது.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. தலைப்பைக் கொடுத்தால் இயந்திரமே ஒரு நிமிடத்தில் கட்டுரை எழுதித் தருகிறது. அண்ணன் எழுதிக் கொடுப்பதும் ஆசிரியர் எழுதிக் கொடுப்பதும் முன்பே உண்டு. எல்லாம் ஒன்றுதான்! நேர்முகத்தில் உட்கார வைத்து, "இந்த வரியில் என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்டால் இரவல் சட்டை அங்கேயே கிழிந்து போகும். எழுத்துப் பிழையை ஆசிரியர் திருத்தட்டும். விஷயம் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

தோட்டம் செய்ய வேண்டியது

தனி ஒரு தாயால் இது ஆகாது. வேலைக்குப் போய் வந்து சமைத்து முடிக்கவே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆகவே கோயில் கமிட்டியும் சங்கக் கிளையும் இளைஞர் மன்றமும் சேர்ந்து மூன்று வேலை செய்யலாம்.

ஒன்று, கோயில் வாசலிலோ மண்டபத்திலோ ஒரு பலகை மாட்டுங்கள். எந்தப் போட்டி, எந்தப் படிவத்துக்கு, கடைசித் தேதி என்ன என்று எழுதிப் போடுங்கள். படித்த இளைஞர் ஒருவர் மாதம் ஒரு முறை இடைநிலைப் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பார்த்துக் கேட்டு வரட்டும். நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போகும் உதவிகளில் பல, செய்தி வந்து சேர்வதற்குள் தேதி கடந்து போனவைதான்.

இரண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு நகல், பெற்றோர் சம்பளச் சீட்டு, பள்ளி அறிக்கை, சான்றிதழ்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். பிறப்புப் பத்திரத்தில் பேர்ப் பிழை இருந்தால் இன்றே பதிவு இலாகாவுக்குப் போங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது.

மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். தீபாவளிச் சாமான் வாங்கப் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கும் குடும்பத்தோடு போகிறோமே, அன்று அரைமணி நேரம் பொது நூலகத்துக்கும் பிள்ளையைக் கூட்டிப் போனால் என்ன?

தோட்டம் வீட்டுமனையாகி அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கும் இதையேதான் சொல்கிறோம். நிரை போனது, லயம் போனது. அங்கே பட்ட பாடு இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு பாரத்தை நீட்டி, "அப்பா தொழில் என்னான்னு போடுறது?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். 'தோட்டத் தொழிலாளி' என்றே முழுசாக எழுதச் சொல்லுங்கள்.