நாற்றம் எந்த மாதத்தில் வருகிறது?

குளியலறை வடிகால் நாறத் தொடங்கினால் யாழ்ப்பாணத்து வீடுகளில் கை முதலில் போவது அமிலப் போத்தலுக்குத்தான். இரண்டு நாள் எலுமிச்சை வாசம் வீசும். மூன்றாம் நாள் பழையபடி மணக்கும். எதை ஊற்றுவது என்று கேட்பதற்கு முன்னர், எப்போது மணக்கிறது என்று கேட்பது பயன் தரும். சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் நாறும் வடிகாலுக்கும் கார்த்திகை, மார்கழி மழையில் நாறும் வடிகாலுக்கும் பெரும்பாலும் காரணம் வேறு. முன்னதை ஒரு வாளித் தண்ணீரே தீர்த்துவிடலாம். பின்னதை அப்படித் தீர்க்க முடியாது. அது வீட்டுக் கிணற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விடயம்.

வடிகால் வாய்க்குக் கீழே ட்ராப் என்று மேசன்மார் சொல்லும் வளைகுழாய் இருக்க வேண்டும். அதில் எந்நேரமும் தேங்கி நிற்கும் இரண்டங்குலத் தண்ணீர்தான் குழியின் வாயு அறைக்குள் ஏறாமல் தடுக்கிறது. 1775இல் அலெக்சாண்டர் கமிங் லண்டனில் காப்புரிமை பெற்ற இந்த வளைவுக்கு இன்றுவரை நல்ல மாற்று வரவில்லை. ஆனால் தண்ணீர் என்றால் வற்றும். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து நல்லூர்த் திருவிழாவுக்குத் திறக்கப்படும் வீடுகள் திறந்த கணமே நாறுவது இதனால்தான். இது மூக்கோடு முடியும் சங்கதி என்று எண்ண வேண்டாம். 2003இல் சார்ஸ் நோய் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் தொடர்மாடிகளில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தொற்றியபோது, குளியலறைத் தரை வடிகால்களின் ட்ராப்புகள் வறண்டு கிடந்ததும், காற்றிழுக்கும் விசிறிகள் கழிவுக் குழாயின் காற்றை அறைக்குள் இழுத்ததும் பரவலுக்குக் காரணங்களாக ஆய்வாளர்களால் சுட்டப்பட்டன.

ஆகவே முதல் சோதனைக்குச் செலவில்லை. ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். நாற்றம் நின்றால் வறட்சிதான் காரணம். கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். நிற்கவில்லையென்றால் மூடியைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நீர் மினுங்கவில்லையென்றால் ட்ராப் ஒழுகுகிறது, அல்லது வைக்கவே இல்லை. ஒரு முழங்கைக் குழாயைப் போட்டு நேரே குழிக்கு இணைத்துவிட்டுப் போகும் மேசன்மார் இருக்கிறார்கள்; மேலே பதித்த ரைல்ஸின் அழகில் அது யாருக்கும் தெரிவதில்லை. நீர் மினுங்கியும் மணத்தால், மயிரும் சவர்க்காரப் பசையும் அழுகுகின்றன என்று கொள்ளலாம். வளைத்த கம்பியால் இழுத்தெடுத்துவிட்டுத் தூரிகையால் தேய்க்க வேண்டும். சலவை இயந்திரத்தின் குழாய் வடிகாலுக்குள் சும்மா செருகப்பட்டிருந்தால் அந்த இடைவெளியையும் அடைக்க வேண்டும். கொமட்டில் தண்ணீர் அடிக்கும்போது தரை வடிகால் ‘குளுக்’கென்று சத்தமிட்டால், காற்றுக்குழாய் இல்லாத குறை. இறங்கும் நீர் ட்ராப்பின் நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. காற்றுக்குழாய் வைத்தால் அயலுக்கு மணக்குமே என்பார்கள். கூரைக்கு மேலே உயர்த்தினால் காற்று அதைக் கலைத்துவிடும். மதில் உயரத்தில் நிறுத்தினால் அயலவர் சண்டைக்கு வருவது நியாயம்தான். இவை எதையும் பாராமல் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் மாறிமாறிப் போடுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; பூட்டிய சிறு அறையில் அது சுவாசப்பையைத் தாக்கும்.

மாரிகாலத்து நாற்றம் வேறு கதை. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். பெரிய ஆறு இல்லை. வீடுகளின் கழிவைச் சேர்த்துக் கொண்டுபோகும் பொதுக் குழாய் வலையமைப்பு யாழ். நகரில்கூட இல்லை. ஒவ்வொரு வளவும் தன் கழிவைத் தன் நிலத்துக்குள்ளேயே விடுகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரைக்குள் கொட்டிவிட, நிலத்தடி நீர் மட்டம் மேலேறுகிறது. ஊறவேண்டிய குழி ஊறாமல் நிரம்புகிறது. வாயுவும் சில வீடுகளில் கழிவுநீரும் வந்த வழியே திரும்புகின்றன. செப்ரிக் தாங்கி என்ற பெயரில் அடித்தளமே இல்லாத குழி வெட்டிய வீடுகளில், குழிநீரும் கிணற்று நீரும் அந்த மாதங்களில் ஏறத்தாழ ஒன்றே. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. தோட்டத்து உரத்துக்கும் அதில் பெரும் பங்குண்டு. பழியை மலக்குழி மீது மட்டும் போடுவது சரியாகாது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது இலங்கைத் தர எல்லை. அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையக்கூடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறிவாகும்.

அந்தக் காலத்திலும் கிணறும் குழியும் ஒரே வளவில்தானே இருந்தன என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருந்தன. ஆனால் துலாவில் இறைத்துக் கிணற்றடியில் குளித்த நீர் திறந்த வாய்க்காலில் வாழைக்குப் போனது. கக்கூசுக்குப் போனது ஒரு செம்புத் தண்ணீர். இன்று மோட்டர் இறைப்பதும், கொமட் அடிப்பதும், சலவை இயந்திரம் கக்குவதும் பெரும்பாலும் மூடிய குழிக்கே போகின்றன. வளவுகளும் துண்டாடப்பட்டுவிட்டன. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளினால் போதும் என்ற பேச்சுக் கணக்கும் மண்ணுக்குப் பொருந்தும் அளவுக்கு வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்தாது. கல்லின் பிளவில் நீர் வடிபடாமலே ஓடிவிடும். குழாய்நீர் வந்தால் எல்லாம் சரியாகும் என்பது அடுத்த நம்பிக்கை. 2024இல் திறக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் குடிநீருக்கு உதவும். அந்த நீரும் கடைசியில் போய்ச் சேர்வது அதே குழிக்குத்தான்.

நாற்றம் அயல் வளவிலிருந்தோ விடுதியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டிய கட்டாயமில்லை. முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்; சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்திருங்கள். கூடவே பிரதேச சபைக்கோ நகர, மாநகர சபைக்கோ எழுதலாம். பொதுத் தொல்லையை அகற்றும்படி கட்டளையிட 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. அயலவரோடு கோடேறத் தயங்குபவர்களுக்கு மத்தியஸ்த சபை உண்டு. முறைப்பாட்டோடு கிணற்று நீர் ஆய்வறிக்கை இருந்தால் அதன் கனமே வேறு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்தி அதைப் பெறலாம். மாதிரியை மாரியில் எடுங்கள். இப்படியெல்லாம் எழுதி ஒன்றும் நடக்காது என்பவர்களுக்குச் சுன்னாகம் பதில் சொல்லும். கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

குழியைத் துப்புரவாக்க ஆளை இறக்க வேண்டாம். கழிவு உறிஞ்சும் பவுசரைக் கூப்பிடுங்கள். ஐதரசன் சல்பைட்டு மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல மணக்கும்; பத்து இலட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையென்று இறங்கியவரும், அவரைத் தூக்கப் பின்னால் இறங்கியவரும் சேர்ந்து இறப்பது அதனால்தான்.