மலிவு விலை மாண்டலின்: பார்த்து வாங்குவோம், பேணி வாசிப்போம்

துவரம் பருப்பு கொள்முதல் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறோம். ஈரம் உண்டா, வண்டு உண்டா, கல் உண்டா என்று பார்த்த பிறகே விலை பேசுகிறோம். அதே நாம், பிள்ளை ஆசைப்பட்டது என்று இசைக்கருவி வாங்கப் போனால் விலையை மட்டும் கேட்டு, பளபளப்பைப் பார்த்து, வாங்கி வந்து விடுகிறோம். ஆறு மாதத்தில் அது சுவரில் ஆணியில் தொங்குகிறது. "இவனுக்குச் சங்கீதம் வராது" என்று பிள்ளைமேல் பழி போடுகிறோம். பல வீடுகளில் குறை பிள்ளையிடம் இல்லை, கருவியில்தான் இருக்கிறது.

சங்கீதம் நமக்கு ஆகாத சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் சீயமங்கலத்தில் பாறையைக் குடைந்து கோயில் கண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், 'சங்கீர்ணஜாதி' என்ற இசைத் தொடர்புள்ள பட்டப்பெயரையும் தாங்கியவன். ஏழாம் நூற்றாண்டிலேயே இசைக்கும் நம் மண்ணுக்கும் உறவு இருந்திருக்கிறது.

மாண்டலின் இத்தாலியில் உருவான கருவி. அதைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டு வந்த பெருமை மாண்டலின் ஸ்ரீநிவாஸைச் சேரும். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்தவர். ஆறு வயதில் அவர் முதலில் எடுத்து மீட்டியது வீட்டிலிருந்த தந்தையின் மாண்டலினைத்தான். குருநாதர் ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கம்பியில் திருப்பிச் சொல்வான். 1978-இல் குடிவாடாவில் முதல் மேடை, 1981-இல் சென்னைக் கச்சேரி, 1998-இல் பத்மஸ்ரீ. 2014-இல் 45 வயதில் அவர் மறைந்தது இசை உலகுக்குப் பேரிழப்பு.

எந்த வகை வேண்டும்?

சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. தடித்த கம்பியிலிருந்து ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேர்ப்பார்கள். வயலினுக்கும் இதே வரிசைதான். சினிமாப் பாட்டு, பக்திப் பாடல், மேற்கத்திய இசை ஆகியவற்றுக்கு இது போதும். கர்நாடக இசையில் கமகத்துக்காகக் கம்பியை இழுத்து வாசிக்க வேண்டும். ஜோடிக் கம்பியில் அது சிரமம். அதனால்தான் ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டார். அதற்கு ஒலிபெருக்கிச் செலவும் சேரும். பிள்ளை எதைக் கற்கப் போகிறது என்று ஆசிரியரிடம் கேட்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

வாங்கும்போது ஆறு சோதனை

1. தராசுத் தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, ஒரு கண்ணை மூடி, தண்டியின் நீளவாக்கில் பார்க்க வேண்டும். வளைவோ முறுக்கோ இருந்தால் வேண்டாம்.

2. விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகளே மெட்டுகள். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கலாம். மூன்று, நான்கு என்று போனால் பிஞ்சு விரல் நோகும். பிள்ளை பாதியில் விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால், வெறும் கம்பியின் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். பிசகினால் கம்பியைத் தாங்கும் 'குதிரை'யைச் சற்று நகர்த்தச் சொல்ல வேண்டும். அப்போதும் சேரவில்லை என்றால் மெட்டுகளே தவறாகப் பதிந்திருக்கலாம். அது படிக்கல்லே பொய்யாக இருப்பது போல. எத்தனை முறை நிறுத்தாலும் கணக்கு சரிவராது.

4. ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டிப் பார்க்க வேண்டும். கரகரப்பு, செத்த ஒலி கூடாது.

5. சுருதி சேர்க்கும் சாவிகள் வழுக்காமல் திரும்ப வேண்டும். சேர்த்த சுருதி நிற்க வேண்டும்.

6. மேல்பலகையில் விரிசல் கூடாது. குதிரையின் அடியில் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது.

இந்த ஆறும் சரியாக இருந்தால் சில ஆயிரம் ரூபாய் மாண்டலினும் நல்ல மாண்டலினே. சுருள் வேலைப்பாடு அழகுக்குத்தான். அதனால் நாதம் கூடாது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, கம்பி உயரத்தைச் சரிசெய்யும் கூலிக்கு வைத்துக் கொள்ளலாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வது உத்தமம்.

பேணும் முறை

எட்டுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறத்தாழ 75 கிலோ. ஒரு மூட்டை நெல்லின் எடை! அதை அந்தச் சின்னப் பலகை இரவும் பகலும் தாங்குகிறது. எனவே அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது. குதிரை பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்காது. கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் இடம் மாறிவிடும். ஒவ்வொன்றாக மாற்றினால் தொல்லை இல்லை.

நம் கைகளில் உப்பும் புளியும் வெல்லமும் எண்ணெயும் பட்ட வண்ணம் இருக்கும். கையைக் கழுவித் துடைத்த பிறகே கருவியைத் தொட வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இல்லையேல் துரு ஏறும். தகரக் கூரையின் அடியிலும், அடுப்படியிலும், வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்கக் கூடாது. பசை விடும், பலகை வளையும். மழைக்காலத்தில் உறையினுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வைக்கலாம்.

வாசிக்கத் தொடங்குவோம்

தினமும் முதலில் சுருதி. இன்று கைபேசியிலேயே சுருதி காட்டும் செயலிகள் உள்ளன. இடது விரலை மெட்டின் மேல் அல்ல, மெட்டை ஒட்டிப் பின்னால் அழுத்த வேண்டும். மீட்டும் வில்லையை இறுக்கிப் பிடிக்காமல் மணிக்கட்டை அசைத்து, கீழே ஒன்று மேலே ஒன்று என்று சமமாக மீட்டிப் பழக வேண்டும். மாண்டலின் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். வேகமாக மேலும் கீழும் மீட்டினால்தான் ஸ்வரம் நீண்டு ஒலிக்கும். அந்த வேகம் நிதானத்திலிருந்துதான் வரும். முதல் சில வாரம் விரல் நுனி வலிக்கும். பிறகு தோல் காய்த்துவிடும். சரளி வரிசையை முதலில் வாயால் பாடி, பிறகு கம்பியில் தேடினால் காதும் கையும் ஒன்று சேரும். சுப்பராஜுவிடம் ஸ்ரீநிவாஸ் கற்றதும் அப்படித்தான்.

மதியம் வியாபாரம் ஓய்ந்திருக்கும் வேளையில் கால் மணி நேரம் போதும். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரத்தைவிடத் தினம் கால் மணி நேரம் அதிக லாபம் தரும். சிறு முதல், அன்றாட உழைப்பு, பொறுமை என்ற மூன்றையும் அறியாதவர்களா நாம்?

அடுத்த மே 5 வணிகர் தினத்துக்குள் நம் பிள்ளைகளில் ஒருவராவது மேடையேறி ஒரு பாட்டு வாசிக்கட்டும். சரக்கைப் பார்த்து வாங்கத் தெரிந்த நாம், பிள்ளையின் ஆசைக்கும் அதே கண்ணால் பார்த்து வாங்குவோம்.