மெயின் ஸ்விட்சு எங்கே?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இக்காலத்துப் பேய்கள் புளியமரத்தில் வாசம் செய்வதில்லை. மின்சாரப் பலகையிலும், காஸ் சிலிண்டரிலும், தண்ணீர் மோட்டாரிலும், ஆபீஸ்களிலிருந்து வரும் காகிதங்களிலும் அவை குடியேறிவிட்டன. விளக்கு அணைந்தால், "அவர் வரட்டும்", மோட்டார் ஓடாவிட்டால், "பையன் வரட்டும்", வரி ரசீதில் தப்பிருந்தால், "அண்ணா ஊரிலிருந்து வரட்டும்." இவ்விதம் யாராவது வரும் வரையில் காத்திருப்பதே பல குடும்பங்களில் நித்திய வழக்கமாகிவிட்டது.

வரவேண்டியவர் வர முடியாத நாளும் உண்டு. 2023-ம் வருஷம் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை முழுக்காட்டியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதவரத்தில் ஆண்பிள்ளைகள் பலர் மணலி ஆலைகளிலும் துறைமுகத்திலும் முறை வைத்து வேலை செய்கிறவர்கள். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எஜமானர் இரவு வேலைக்குப் போனவர், திரும்ப வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். தெருத் தண்ணீர் முதற்படியைத் தாண்டி இரண்டாம் படியைத் தொட்டது. மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கணவருக்கு டெலிபோன் போட்டால் மணி அடிக்கவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பாட்டி, "பயப்படாதே அம்மா! மீட்டருக்குப் பக்கத்தில் பெரிய பிடி ஒன்று இருக்கும். தரை நனைகிறதற்குள் அதைக் கீழே தள்ளு" என்று குரல் கொடுத்தாள். ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்தது. கணவரை இழந்து பன்னிரண்டு வருஷமாகத் தனியே குடித்தனம் நடத்தும் அந்தப் பாட்டிக்கு இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தது அவசியம் ஒன்றுதான். அவசியம் வரும் வரையில் நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

இந்தப் பயம் படிப்பில்லாமையால் வருவதன்று. நம் வகுப்பில் ஓம் விதியைத் தவறின்றி எழுதும் பெண்களைப் பார்த்து, "உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சு எங்கே இருக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டோம். ஒரு சில கைகளே உயர்ந்தன. "அதைத் தொடாதே", "உனக்கு ஏன் அந்த வம்பு?" என்று சிறு வயது முதல் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம், பிறகு, அவர்களுக்குத் தைரியம் இல்லை என்று குறையும் கூறுகிறோம்! புருஷர்களும் கர்வப்படுவதற்கில்லை. சம்சாரம் பிறந்தகம் போன மறுநாள் அரிசி எந்த டின்னில் இருக்கிறது என்று தெரியாமல் ஹோட்டலுக்கு நடப்பவர்கள் எத்தனை பேர்!

நம் ராஜதானியிலேயே ஒரு சரித்திரம் உண்டு. 1919-ல் பிறந்த ஏ. லலிதா, பதினெட்டாவது வயதில் கணவரை இழந்தார். அப்போது கையில் நான்கு மாதக் குழந்தை. அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கிண்டி என்ஜினீயரிங் கலாசாலையில் சேர்ந்து மின்சாரப் பொறியியல் பயின்று, இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர்களுள் ஒருவரானார். பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். கேலி செய்தவர்கள் களைத்துப் போனார்கள். சைக்கிள் ஓட்டியவர்கள் களைக்கவில்லை. பயம் போன பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றிருந்தால் அவர்களுள் ஒருவரும் கற்றிருக்க மாட்டார்கள். கற்றார்கள், அதனால் பயம் போயிற்று.

நம் வீட்டுக்குள் கற்க வேண்டியவை அதிகமில்லை. சமையல் காஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டுமென்றே ஒரு துர்நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஸ்விட்சில் எழும் சிறு பொறியே போதும். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

மின்சாரப் பலகையில் கசிவு மின்சாரத்தைத் தடுக்கும் கருவி இருந்தால், அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே இணைப்புத் துண்டிக்கப்பட்டால் கருவி உயிரோடு இருக்கிறது. இல்லையேல் மின்சாரத் தொழிலாளியை அழைக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு பலகையைத் தொடுவதோ, கம்பியைப் பிரித்துப் பார்ப்பதோ தைரியமன்று, அசட்டுத்தனம். எதைத் தொடக்கூடாது என்று அறிவதும் தைரியத்தின் ஒரு பகுதியேயாகும்.

வடசென்னைவாசிகளுக்கு இன்னும் ஒரு பாடம் உண்டு. 2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஆகையால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போவது நலம். இதைக் குழந்தைக்கும் சொல்லி வைக்கலாம்.

ஆபீஸ் பயத்துக்கும் மருந்து உண்டு. மாதவரம் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு முதலியவற்றுக்கு 1913 என்ற எண்ணில் யாரும் புகார் செய்யலாம். மின்சாரத்துக்கு 94987 94987. சொல்லப் போவதை முதலில் இரண்டு வரியாக எழுதி வைத்துக்கொண்டால் நாக்குக் குழறாது. அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணைத் தேதியுடன் குறித்துக்கொண்டால், மறுமுறை கேட்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை. அந்த எண்ணே நமக்காகப் பேசும்.

ஐப்பசி மழை பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டார் அனைவரும் கூடி, மெயின் ஸ்விட்சு, தண்ணீர்க் குழாயின் மூடி, காஸ் ரெகுலேட்டர் மூன்றையும் ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒருமுறை மூடித் திறந்து பார்க்கட்டும். பாட்டி முதல் பத்து வயதுப் பெண் வரை ஒருவரையும் விட வேண்டாம். மேற்சொன்ன எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள். அரைமணி நேர வேலை இது. அடுத்த புயலின்போது வீட்டில் யார் இருப்பார்கள், யார் வெளியே அகப்பட்டுக் கொள்வார்கள் என்று நமக்குத் தெரியாது. யார் இருந்தாலும் சமாளிப்பார்கள் என்ற நிம்மதி மட்டும் நம் கையில் இருக்கிறது.