மைமா மேடுகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியா நகருக்குத் தெற்கே இருக்கிறது மைமா மேடுகள் இயற்கைக் காப்பகம். 637 ஏக்கர். சுற்றிலும் ஊசியிலைக் காடு. நடுவே திறந்த புல்வெளி. அந்தப் புல்வெளி முழுக்கக் களத்தில் குவித்த நெல் அம்பாரங்களைப் போல மண் மேடுகள். பெரியவை 2 மீட்டர் உயரம் இருக்கும்.

1841-இல் இங்கு வந்த கடற்படை அதிகாரி சார்ல்ஸ் வில்க்ஸ், இவை புதைமேடுகளாக இருக்கலாம் என்று சிலவற்றைத் தோண்டச் சொன்னார். கிடைத்தது கல்லும் மண்ணும்தான். நிலநடுக்க அதிர்வு, பனியாற்று உருகுநீர் என்று அதன்பின் எத்தனையோ விளக்கங்கள் வந்துவிட்டன.

எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது, கோஃபர் என்னும் வளைவாழ் கொறிவிலங்கைக் காரணமாகக் காட்டும் விளக்கம். கன்னங்களின் வெளிப்புறத்தில் ரோமம் படர்ந்த இரண்டு பைகள் இதற்கு உண்டு. வேர்களையும் புல்லையும் அவற்றில் அடைத்துக்கொண்டு வளைக்குள் போகும். இங்கே மண் ஆழமில்லை, கீழே சரளை. மழைக்காலத்தில் தாழ்வான இடம் ஊறிவிடும். அதனால் கோஃபர் சற்றே உயர்ந்த, காய்ந்த திட்டை நோக்கி மண்ணைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியாவின் இதே மாதிரி மேடுகளில் உலோகத் துணுக்குகளை மண்ணில் கலந்து, பின்னர் தேடியபோது, அவை மேட்டின் மையம் நோக்கி நகர்ந்திருந்தன. ஒரு மேடு எழ 500 முதல் 700 ஆண்டுகள் ஆகும் என்று 2013-இல் வெளியான கணினி மாதிரி காட்டியது. ஆனாலும் விவாதம் ஓயவில்லை.

பார்க்க வருகிறவர்கள் மேடுகளைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அழியும் நிலையில் இருப்பது மேடல்ல, புல்வெளி. பூர்வகுடிகள் காலங்காலமாக இதற்குத் தீ வைத்துப் பராமரித்தார்கள். தீ மரக்கன்றுகளை அண்டவிடாது. காமஸ் செடி செழிக்கும். வசந்தத்தில் நீலமாகப் பூக்கும் அச்செடியின் கிழங்கைக் குழிஅடுப்பில் நெடுநேரம் வேகவைத்து உண்டார்கள். குடியேறியவர்கள் வந்தபின் தீ நின்றது. டக்ளஸ் ஃபிர் மரங்களும் அயல்நாட்டு மஞ்சள் புதரான ஸ்காட்ச் புரூமும் உள்ளே புகுந்தன. வட்டாரத்தின் பழைய புல்வெளிகளில் மிகச் சிறு பகுதியே மிஞ்சியது.

அதோடு உயிர்களும் ஒடுங்கின. டெய்லர் செக்கர்ஸ்பாட் பட்டாம்பூச்சி 2013-இலும், இவ்வட்டாரக் கோஃபர் 2014-இலும் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இப்போது காப்பாளர்களே திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். 2011 முதல் மிஷன் கிரீக் பெண்கள் சிறையில் கைதிகள் இந்தப் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு பிளாண்டைன் என்னும் பூண்டின் இலை கொடுத்து வளர்த்தார்கள். வளர்ந்தவை இவ்வட்டாரப் புல்வெளிகளில் விடப்பட்டன.